திரளும் மூலக்கூறுகளும் மாறும் நிறமும்: சாயங்களின் ஒளியுறிஞ்சல் பற்றிய ஆய்வு வரலாறு

1. தோற்றுவாய்

கல்முனைக் கரையோரத்துத் தமிழ் பேசும் ஊர்களுள் மருதமுனை கைத்தறி நெசவினாற் பெயர்பெற்றது. அங்கு நெய்யப்பட்ட சாரனும் சேலையும் மாவடிப்பள்ளி, சம்மாந்துறை முதலிய நெல்வயல் சூழ்ந்த அயலூர்களிலும் நெடுங்காலமாக அறியப்பட்டவை. நெசவைப் பற்றிப் பேசுவோர் தறியையே பெரிதும் பேசுவர். தறிக்கு முன்னுள்ள சாயத் தொட்டியைப் பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. ஆயினும் பருத்தி நூலுக்குச் சாயமூட்டும் தொழிலில் இரண்டு வழக்கங்கள் உள்ளன. இக்கட்டுரை எடுத்துக்கொண்ட பொருளுக்கு அவையே தோற்றுவாயாகும்.

முதலாவது, நேர்ச்சாயம் கரைத்த தொட்டியில் உப்புச் சேர்த்தல். உப்பு, சாயத்தை நூலிற் பற்றச் செய்யும் என்பது தொழிலாளர் கண்ட உண்மை. இரண்டாவது, வற் சாயம் ஊட்டிய நூலைக் காற்றாட விட்ட பின்னர்ச் சவர்க்கார நீரிற் கொதிக்கவைத்தல். கொதிக்குமுன் உள்ள நிறமும் கொதித்தபின் உள்ள நிறமும் ஒன்றல்ல. எனவே அனுபவம் வாய்ந்த சாயக்காரர், கொதித்தெழுந்த நூலைக் கண்ட பின்னரே நிறத்தைத் துணிவர். இடையில் நூலோடு புதிய சாயம் எதுவும் சேரவில்லை; இருந்த சாயத்தின் இரசாயன அமைப்பும் மாறவில்லை. அவ்வாறாயின் நிறம் ஏன் மாறிற்று?

இவ்வினாவுக்கு விடை காண விஞ்ஞானம் அரை நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. விடையைச் சுருங்கக் கூறின், நிறம் என்பது தனி மூலக்கூறு ஒன்றின் உடைமை மட்டுமன்று. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கொள்ளும் உறவின் விளைவுமாகும். இக்கருத்து எவ்வாறு, எத்தகைய சமுதாயத் தேவைகளின் உந்துதலால் உருவாயிற்று என்பதையும், அவ்வரலாற்றில் நம்மவர்க்குள்ள இடம் யாது என்பதையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. விதியும் விலகலும்

வெள்ளொளி ஒரு சாயக் கரைசலின் ஊடே செல்லும்போது அதன் ஒரு பகுதியைச் சாயம் உறிஞ்சிக்கொள்கிறது. எஞ்சியதையே கண் நிறமாகக் காண்கிறது. எவ்வளவு உறிஞ்சப்படும் என்பதைக் கணிக்கும் முயற்சி 18ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. ஒளி கடந்து செல்லும் பொருளின் தடிப்புக்கும் உறிஞ்சலுக்கும் உள்ள தொடர்பைப் பிரான்சியரான பூகர் 1729இலும், லம்பேட் 1760இலும் விளக்கினர். கரைசலின் செறிவையும் இத்தொடர்பினுட் கொண்டுவந்தவர் ஜெர்மானியரான ஒகஸ்ற் பியர். அவருடைய ஆய்வு 1852இல் வெளியாயிற்று. செறிவு இரட்டிப்பாயின் உறிஞ்சலும் அதே விகிதத்திற் கூடும் என்பதே பியரின் விதியின் சாரம்.

இவ்விதியின் அடியில் வெளிப்படையாகக் கூறப்படாத ஓர் எடுகோள் உண்டு. கரைசலிலுள்ள ஒவ்வொரு மூலக்கூறும் ஏனையவற்றைப் பொருட்படுத்தாது தனித்து நின்றே ஒளியை உறிஞ்சுகிறது என்பதே அவ்வெடுகோள். ஆயிரம் மூலக்கூறுகளின் செயல் ஒரு மூலக்கூற்றின் செயலுடைய ஆயிரம் மடங்கு. அதற்கு மேலுமில்லை, கீழுமில்லை. தனியாட்களின் கூட்டுத்தொகையே சமுதாயம் எனக் கருதிய 19ஆம் நூற்றாண்டுச் சிந்தனையோடு இதனை ஒப்பிட்டு நோக்குதல் சுவையானது.

அதே 1852ஆம் ஆண்டிலேயே கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸ்ரோக்ஸ், கொயினாவிலிருந்து பெறப்படும் குயினைன் சல்பேற்றுக் கரைசலில் கண்ட நீல ஒளிர்வுக்கு விளக்கம் தந்தார். உயர் சக்தியுள்ள ஒளியை உறிஞ்சி அதனினும் குறைந்த சக்தியுள்ள ஒளியை உடனடியாக வெளிவிடும் இந்நிகழ்வுக்கு அவர் இட்ட பெயரின் வழிவந்ததே நாம் வழங்கும் புளோரொளிர்வு என்னும் சொல்லாகும். காய்ச்சலுக்குக் கைகண்ட மருந்தான அதே கொயினாவின் பொருட்டே 1861இல் ஈழத்தின் ஹக்கலைத் தாவரப் பூங்கா நிறுவப்பட்டமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

பின்வந்த ஆண்டுகள் செயற்கைச் சாயங்களின் காலம். 1856இல் பெர்க்கின் ஊதாச் சாயத்தைக் கண்டறிந்தார். 1868-69இல் கிரேபே, லீபர்மான் ஆகிய இருவரும் அலிசரினைச் செயற்கையாக ஆக்கினர். 1871இல் பேயர் புளோரசீனைத் தொகுத்தார். 1884இல் பொட்டிகர் உருவாக்கிய கொங்கோ சிவப்பு, படிகாரம் முதலிய நிறநிறுத்திகளின் உதவியின்றியே பருத்தியைப் பற்றியது. 1901இல் போன் என்பவர் கண்ட இண்டாந்திரீன் நீலம், உறுதிமிக்க வற் சாயங்களின் நீண்ட வரிசையைத் தொடக்கிவைத்தது.

இம்மாற்றம் நம் கரைகளையும் தாக்கியது. ஒல்லாந்தக் கம்பனி மன்னார், யாழ்ப்பாணப் பகுதிகளிற் சாயவேர் தோண்டும் உரிமையைத் தன் தனியுரிமையாக்கி வருவாய் ஈட்டிற்று. அவ்வேரின் செந்நிறத்துக்குக் காரணமான முதன்மைப் பொருள் அலிசரினே. அதனைத் தோண்டியவரும் அதனாற் சாயமூட்டியவரும் தலைமுறை தலைமுறையாகத் திரட்டிய அறிவு ஏடேறவில்லை. கம்பனியின் கணக்கேடுகளில் ஏறியது வேரின் நிறையும் விலையுமே.

சாயங்கள் பெருகியபோது பியரின் விதிக்கு அமையாத கரைசல்களும் பெருகின. மெதிலீன் நீலத்தை எடுத்துக்கொள்வோம். மிக ஐதான நீர்க்கரைசலில் அதன் உறிஞ்சல் உச்சம் 664 நனோமீற்றரில் உள்ளது. செறிவு ஏற ஏற அவ்வுச்சம் தாழ்கிறது. ஏறத்தாழ 610 நனோமீற்றரில் வேறோர் உச்சம் எழுகிறது. புளோரொளிரும் சாயங்களில் இன்னொரு புதிர் காணப்பட்டது. சாயத்தைக் கூட்டினால் ஒளிர்வு கூடும் என்பதே எதிர்பார்ப்பு. ஓரெல்லைக்கு மேல் ஒளிர்வு மங்கியது. ரொடமீன் வகைச் சாயங்களில் இந்நிகழ்வைச் சோவியத் விஞ்ஞானிகளான வவிலொவ், லெவ்ஷின் ஆகியோர் 1920களிலும் 1930களிலும் விரிவாக ஆராய்ந்தனர். இரு மூலக்கூறுகள் இணைந்து உருவாகும் இரட்டைகள் ஒளிர்வதில்லை என்ற கருத்து இவ்வாய்வுகளினூடே வலுப்பெற்றது.

வைத்தியத் துறையும் இதனைத் தன் வழியிற் கண்டிருந்தது. 1870களின் இறுதியில் இளம் ஆய்வாளராயிருந்த போல் ஏர்லிக், சில நீலச் சாயங்கள் குறிப்பிட்ட கலங்களில் மட்டும் செவ்வூதாவாகத் தோன்றுவதைக் கண்டு அக்கலங்களை இனம்பிரித்தார். அங்கே எதிரேற்றமுடைய நீண்ட மூலக்கூறுகளின்மீது சாயம் நெருங்கி அடுக்கப்படுவதே நிறமாற்றத்துக்குக் காரணம் என்பது 1940களில் மைக்கேலிசின் ஆய்வுகளின் பின்னரே தெளிவாயிற்று. சாயத் தொட்டியிலும் நுணுக்குக்காட்டியிலும் நிகழ்ந்தது ஒன்றே; ஆயின் சாயக்காரரும் வைத்தியரும் ஒருவரையொருவர் அறிந்திலர்.

3. போரும் ஒளிப்படமும்

இப்புதிரை நேரடியாக ஆராயத் தூண்டியது நெசவுத் தொழிலன்று, ஒளிப்படத் தொழிலே. இது வரலாற்று நோக்கில் முக்கியமானது.

ஒளிப்படத் தகட்டிலுள்ள வெள்ளிப் புரோமைட்டு நீல ஒளிக்கே பெரிதும் உணர்வுடையது; பச்சையும் சிவப்பும் அதற்கு ஏறத்தாழ இருளே. தகட்டிற் பொருத்தமான சாயத்தைச் சேர்த்தால் அச்சாயம் உறிஞ்சும் நிறத்துக்கும் தகடு உணர்வு பெறும் என்பதை 1873இல் பேர்லினில் பேராசிரியராயிருந்த ஃபோகல் கண்டார். சயனீன் என்னும் சாயக் குடும்பம் இப்பணிக்குச் சிறந்ததாகப் பின்னர் அறியப்பட்டது. அதனை ஆக்கும் அறிவு பெரும்பாலும் ஜெர்மானியக் கம்பனிகளின் கையிலிருந்தது.

1914இல் போர் மூண்டதும் பிரித்தானியாவுக்கு இச்சாயங்கள் கிடைக்காமற் போயின. ஆகாயத்திலிருந்து எதிரியின் நிலைகளை ஒளிப்படமெடுக்க எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் தேவைப்பட்டன. கேம்பிரிட்ஜில் போப், மில்ஸ் ஆகிய இரசாயனவியலாளர் சயனீன் சாயங்களின் அமைப்பையும் ஆக்கமுறையையும் ஆராய்ந்தனர். அக்குழுவிற் பணியாற்றிய பிரான்சிஸ் ஹாமர் என்னும் பெண் விஞ்ஞானி, பிற்காலத்தில் ஹரோவிலிருந்த கொடக் ஆய்வுகூடத்திற் சயனீன் ஆய்வைத் தொடர்ந்து நடத்தினார். இத்துறையின் அறிவு போரின் தேவையால் விரைந்து வளர்ந்து, பின்னர் வணிக நிறுவனமொன்றின் ஆய்வுகூடத்தில் நிலைகொண்டது.

இதற்கு முன்னரே, 1909இல், செப்பாட் என்னும் ஆங்கிலேயர் ஐசோசயனீன் சாயங்களின் ஒளிப்பண்புகளை ஆராய்ந்து, கரைப்பானும் செறிவும் மாறும்போது உறிஞ்சல் திருசியம் மாறுவதைக் குறித்திருந்தார். பின்னர் அவர் அமெரிக்காவிலே ரொச்செஸ்டரிலுள்ள கொடக் நிறுவனத்திற் சேர்ந்தார். சூழலும் திரள்வும் சாயத்தின் உறிஞ்சலை எவ்வாறு பாதிக்கின்றன என்பது பற்றி 1942இல் அவர் எழுதிய விரிவான மீள்நோக்கு அத்துறையின் அடிப்படை ஆவணங்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகிறது.

4. 1936: ஒரு பிடி உப்பு

1936இல் ஹரோவிலுள்ள கொடக் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜெல்லி, போலி ஐசோசயனீன் என்னும் சாயத்தின் நீர்க்கரைசலில் உப்பைச் சேர்த்தார். ஐதான கரைசலில் அச்சாயம் ஏறத்தாழ 523 நனோமீற்றரில், அகன்ற உச்சத்தோடு ஒளியை உறிஞ்சும். புளோரொளிர்வு மிகமிகக் குறைவு. உப்புச் சேர்ந்ததும் ஏறத்தாழ 572 நனோமீற்றரில் வியப்பூட்டும் அளவுக்கு ஒடுங்கிய புதிய உறிஞ்சற் பட்டையொன்று தோன்றிற்று. அவ்விடத்திலேயே வலிய புளோரொளிர்வும் எழுந்தது.

அதே காலத்தில் மியூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் ஷைபேயும் அவருடைய மாணவரும் அச்சாயத்தின் செறிவை உயர்த்தி இதே பட்டையைக் கண்டனர். செறிந்த கரைசல் கூழாக இறுகியது. ஐதாக்கினும் சூடாக்கினும் அது பழைய நிலைக்கே மீண்டது. மீளும் இயல்புடைய இம்மாற்றம், சாய மூலக்கூறுகள் புதிய இரசாயனப் பிணைப்பு எதுவுமின்றித் தாமாகவே நீண்ட வரிசைகளாகத் திரளுவதைக் காட்டிற்று. இவ்வகைத் திரள் இன்று ஜெல்லியின் பெயரின் முதலெழுத்தால் ஜே திரள் என்றும், ஷைபேயின் பெயராலும் வழங்குகிறது.

உப்பு இங்கே என்ன செய்தது? சாய அயன்கள் அனைத்தும் ஒரே வகை மின்னேற்றமுடையவை. ஆதலின் ஒன்றையொன்று தள்ளும். உப்பின் அயன்கள் அவற்றிடையே புகுந்து அத்தள்ளுகையைத் தணிக்கின்றன. தட்டையான, நீரை எளிதில் ஏற்காத சாய மூலக்கூறுகள் அதன் பின்னர் நெருங்கி ஒட்டிக்கொள்கின்றன. சாயத் தொட்டியில் உப்பு நூலுக்கும் சாயத்துக்கும் இடையிலுள்ள தள்ளுகையைக் குறைப்பதும் இதே காரணத்தாலேயே. ஜெல்லிக்கு முன்னர் ஐம்பதாண்டுக் காலமாக நேர்ச்சாயத் தொழிலாளர் தம் கையாற் செய்துவந்த செயலையே அவரும் செய்தார். வேறுபாடு ஒன்றே: தொழிலாளரிடம் துணி இருந்தது, ஜெல்லியிடம் திருசியமானி இருந்தது.

5. கல்கத்தாவிலிருந்து ஓர் ஒளி

திரள்வின் விளைவை விளக்க, மூலக்கூறுகள் நெருங்குகின்றன என்பது மட்டும் போதாது. அவை எவ்வாறு அடுக்கப்பட்டுள்ளன என்பதும் அறியப்பட வேண்டும். மூலக்கூறுகளின் அடுக்கமைவை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் தமிழகத்தின் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே. எஸ். கிருஷ்ணன் ஆவார்.

கிருஷ்ணன் கல்கத்தாவிலுள்ள இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தில் ராமனோடு பணியாற்றியவர். 1923இல் அங்கு பாலக்காட்டைச் சேர்ந்த கே. ஆர். ராமநாதன், தூய திரவங்களாற் சிதறிய ஒளியில் நிறம் மாறிய மெல்லிய கூறு ஒன்றைக் கண்டார். அது மாசினால் எழும் பலவீனமான புளோரொளிர்வு எனக் கருதப்பட்டது. திரவத்தை மீண்டும் மீண்டும் தூய்மையாக்கியும் அது மறையவில்லை. மாசு எனத் தள்ளப்பட்ட அவ்வொளியே 1928 பெப்ரவரி 28இல் ராமன் விளைவாக உலகுக்கு அறிமுகமாயிற்று. விதிக்கு விலகுவதைப் பிழையென ஒதுக்காது அதனையே ஆய்வுப்பொருளாக்கும் மனப்பாங்கு, சாயத் திரள்களின் வரலாற்றிலும் ராமன் விளைவின் வரலாற்றிலும் ஒருங்கே காணப்படுகிறது.

1928 முதல் 1933 வரை டாக்காவிலும், பின்னர் மீண்டும் கல்கத்தாவிலும் கிருஷ்ணன் நடத்திய ஆய்வுகள் இன்னும் நெருங்கிய தொடர்புடையவை. நப்தலீன், அந்திரசீன் முதலிய சேர்வைகளின் பளிங்குகள் காந்தப் புலத்தில் திசைக்குத் திசை வேறுபட்டு நடப்பதை நுட்பமாக அளந்து, அப்பளிங்கினுள் தட்டையான மூலக்கூறுகள் எத்திசை நோக்கி அடுக்கப்பட்டுள்ளன என்பதை அவர் உய்த்தறிந்தார். இத்தகைய சேர்வைகளின் ஒளியுறிஞ்சலையும் ஆராய்ந்தார். இவை சாயக் கரைசல் பற்றிய ஆய்வுகளல்ல. ஆயினும் அடுக்கமைவை அறியாது பொருளின் பண்பை அறியமுடியாது என்ற பாடத்தை அவை நம் மண்ணிலேயே நிலைநாட்டின. வசதி குறைந்த ஆய்வுகூடங்களில், எளிய கருவிகளைக் கொண்டு இவை செய்யப்பட்டமை மறக்கற்பாலதன்று.

6. அடுக்கமைவின் கொள்கை

கொள்கை விளக்கம் படிப்படியாக வந்தது. பளிங்கினுள் ஒரு மூலக்கூறு பெற்ற ஒளிச்சக்தி அங்கேயே தங்காது அயல் மூலக்கூறுகளுக்கும் பரவிச் செல்லும் என்ற கருத்தை 1938இல் பிராங்க், ரெல்லர் ஆகியோர் ஒளிச்செயன்முறைகளுக்குப் பொருத்தினர். 1948இல் சோவியத் விஞ்ஞானி டவிடொவ் மூலக்கூற்றுப் பளிங்குகளுக்கு இதனைக் கணித வடிவிற் செம்மைப்படுத்தினார். சாயத் திரள்களுக்கு எளிமையும் தெளிவும் கூடிய விளக்கத்தைத் தந்தவர் அமெரிக்காவின் புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மைக்கேல் காஷா. 1958இல் மக்ரேயுடனும், 1965இல் றோல்ஸ், எகிப்தியரான அஷ்ரப் எல்-பயூமி ஆகியோருடனும் அவர் வெளியிட்ட கட்டுரைகள் இத்துறையின் அடித்தளமாயின.

அவ்விளக்கத்தைக் காந்தத் துண்டுகளைக் கொண்டு எளிதில் உணரலாம். இரு காந்தங்களை ஒரே நேர்கோட்டில், ஒன்றின் வடமுனைக்கு மற்றதன் தென்முனை எதிராக வைத்தால் அவை ஈர்க்கும். அந்நிலையின் சக்தி குறைவு. அவற்றையே பக்கத்திற் பக்கமாக, முனைகள் ஒரே திசை நோக்க வைத்தால் அவை தள்ளும். அந்நிலையின் சக்தி அதிகம். ஒளியை உறிஞ்சும் வேளையில் சாய மூலக்கூற்றின் இலத்திரன்கள் ஒரு திசையில் முன்னும் பின்னும் அசைகின்றன. இவ்வசைவு நொடிப்பொழுது நிலவும் மின்னிருமுனைவு போன்றது. அயல் மூலக்கூறுகளின் அசைவுகள் ஒத்திசையும்போது அவற்றிடையே நிகழ்வதும் காந்தங்களிடையே நிகழ்வதை ஒத்ததே.

மூலக்கூறுகள் தலைக்குக் காலாக நீண்டு அடுக்கப்பட்டால், ஒளியை ஏற்கும் நிலையின் சக்தி தாழ்கிறது. உறிஞ்சல் சிவப்புப் பக்கம் நகர்கிறது. உறிஞ்சும் நிலையே மிகத் தாழ்ந்த கிளர்நிலையுமாதலால், ஏற்ற சக்தியை மூலக்கூறுகள் உடனே ஒளியாகத் திருப்பித் தரமுடிகிறது, புளோரொளிர்வு ஓங்குகிறது. இதுவே ஜே திரள். சக்தி பல மூலக்கூறுகளிடையே பகிரப்படுவதால் தனி மூலக்கூறுகளின் சிறு வேறுபாடுகள் ஈடுபட்டு மறைகின்றன. ஜெல்லி கண்ட பட்டை அவ்வளவு ஒடுங்கியிருந்தமைக்குக் காரணம் இதுவென 1980களில் நாப் கணக்கிட்டுக் காட்டினார்.

மாறாக, மூலக்கூறுகள் சீட்டுக்கட்டுப் போல முகத்தோடு முகம் அடுக்கப்பட்டால், ஒளியை ஏற்கும் நிலை மேலே தள்ளப்படுகிறது; உறிஞ்சல் நீலப் பக்கம் நகர்கிறது. ஏற்ற சக்தி உடனே கீழுள்ள நிலைக்கு வழுக்கி விழுகிறது. அந்நிலையோ ஒளியை வெளிவிட ஏறத்தாழ இயலாதது. சக்தி வெப்பமாகக் கழிகிறது. இதனை எச் திரள் என்பர். மெதிலீன் நீலத்தின் உச்சம் 664இலிருந்து 610க்கு நகர்ந்தமையும், செறிந்த ரொடமீன் மங்கியமையும் இவ்வகையினவே. இரு வகைக்கும் இடைப்பட்ட எல்லை, மூலக்கூறுகளை இணைக்கும் கோட்டுக்கும் அசைவின் திசைக்கும் இடையே ஏறத்தாழ 54.7 பாகைக் கோணத்தில் அமைகிறது. அங்கே இவ்வீர்ப்பும் தள்ளுகையும் சமனாகின்றன.

அளவு மாற்றம் ஓரெல்லையைக் கடக்கும்போது பண்பு மாற்றமாகிறது என்பது முற்போக்குச் சிந்தனையாளர் நன்கறிந்த கூற்று. சாயத் திரள்கள் அதற்குத் தக்க சான்று என்று எடுத்த எடுப்பிற் கூறிவிடலாம். ஆயின் அவை மேலுமொன்றைக் கற்பிக்கின்றன. ஒரே அளவிலான மூலக்கூறுகள் திரண்டும் ஒரு வகையில் ஒளி ஓங்குகிறது. மற்றொரு வகையில் ஒளி அவிகிறது. திரளுதல் மட்டும் விளைவைத் தீர்மானிப்பதில்லை. திரளின் அமைப்பே தீர்மானிக்கிறது. அளவைக் கூறி அமைப்பைக் கூறாது விடும் விளக்கம் இயற்கைக்கும் பொருந்தாது, சமுதாயத்துக்கும் பொருந்தாது.

சாயத் தொட்டியின் இரண்டாம் புதிருக்கும் இங்கு விடை கிடைத்தது. வற் சாயம் ஊட்டிய நூலைச் சவர்க்கார நீரிற் கொதிக்கவைக்கும்போது, இழையினுட் சிதறிக்கிடந்த சாய மூலக்கூறுகள் இடம்பெயர்ந்து ஒன்றுசேர்ந்து நுண்பளிங்குகளாகின்றன என்பதை 1950களில் நிகழ்ந்த ஆய்வுகள் தெளிவாக்கின. நிறம் மாறுவதும், வெயிலையும் சலவையையும் தாங்கும் உறுதி கூடுவதும் அதனாலேயே. சாயக்காரர் கொதித்தபின்னரே நிறத்தைத் துணிந்தமை மூடவழக்கமன்று. காரணம் அறியப்படுமுன்னரே கைவந்த உண்மை அது.

7. சேற்றிலும் சூரியக் கலத்திலும்

இயற்கை இவ்வமைப்பை மனிதனுக்கு முன்னரே கையாண்டது. நெல்வயற் சேற்றிலும் சதுப்பிலும் வாழும் ஊதா பற்றீரியங்கள் மங்கிய ஒளியைக்கொண்டு வாழ்வன. அவ்வகை பற்றீரியம் ஒன்றின் ஒளிதிரட்டும் புரதத்தின் அமைப்பைக் கிளாஸ்கோ ஆய்வாளர் 1995இல் வெளியிட்டனர். அதில் பற்றீரியப் பச்சைய மூலக்கூறுகள் இரு வளையங்களாக நிற்கின்றன: ஒன்றில் 9, மற்றதில் 18. சேதனக் கரைசலில் ஏறத்தாழ 770 நனோமீற்றரில் உறிஞ்சும் இம்மூலக்கூறு, புரதச் சூழலோடு சேர்ந்து, இடைவெளிவிட்டு நிற்கும் வளையத்தில் 800இலும், நெருங்கி நிற்கும் வளையத்தில் 850இலும் உறிஞ்சுகிறது. ஒரே நிறப்பொருள், அமைப்பு வேறு, பணியும் வேறு. முதல் வளையம் ஏற்ற சக்தி ஏறத்தாழ ஒரு செக்கனின் இலட்சங்கோடியில் ஒரு பங்கு நேரத்தில் இரண்டாம் வளையத்தைச் சேர்கிறது. மாவடிப்பள்ளியின் வயல்களைப் போன்ற நீர் நின்ற நெல்வயல்களில் உழவன் மிதிக்கும் சேற்றினுள்ளே இத்தகைய நுட்பம் குடியிருக்கிறது.

ஒளியைத் திரட்டி மின்னாக்கும் முயற்சியில் ஈழத்துக்கும் இடமுண்டு. பேராசிரியர் கீர்த்தி தென்னக்கோன் 1980களில் ருகுணுப் பல்கலைக்கழகத்தில், செம்பின் தயோசயனேற்றைச் சாயங்களால் ஒளிக்கு உணர்வுடையதாக்கும் ஆய்வுகளைத் தம் மாணவரோடு நடத்தினார். 1991இல் சுவிற்சர்லாந்திலிருந்து ஓரீகனும் கிரேற்செலும் நுண்டுளைத் தைத்தேனியம் ஈரொட்சைட்டிற் சாயம் பூசிய சூரியக் கலத்தை அறிவித்தனர். அக்கலத்தில் திரவம் இருந்தது. கசிவும் ஆவியாதலும் அதன் குறைகள். 1995இல் கண்டி ஹந்தானையிலுள்ள அடிப்படைக் கற்கைகள் நிறுவகத்தில் தென்னக்கோனும் குழுவினரும் திரவத்துக்குப் பதிலாகச் செம்பு அயடைட்டைப் பயன்படுத்தி, முழுமையும் திண்மமான கலத்தை அமைத்துக் காட்டினர். அதிற் சாயமாகப் பயன்பட்டது பூக்களில் உள்ள சயனிடீன் என்னும் நிறப்பொருள். இத்துறையின் முன்னோடி முயற்சிகளுள் ஒன்றாக இது உலகளவில் மதிக்கப்படுகிறது.

இச்சூரியக் கலங்களிலும் திரள்வே பெரும் பிரச்சினை. சாய மூலக்கூறுகள் குறைகடத்தியின் மேற்பரப்பில் ஒன்றன்மேலொன்று அடுக்கப்பட்டால், ஏற்ற சக்தி இலத்திரனாகக் குறைகடத்தியுட் புகாமல் அவற்றிடையே வீணாகிறது. இதனைத் தடுக்க, பித்தநீரிலுள்ள கோலிக்கமில வகைச் சேர்வைகளைச் சாயத்தோடு கலந்து பூசி, சாய மூலக்கூறுகளை இடைவெளிவிட்டு நிற்கச் செய்யும் முறை 1990களிலிருந்து கையாளப்படுகிறது. தொட்டியில் உப்பிட்டுத் திரட்டினர். கலத்திலோ இடையிட்டுப் பிரிக்கின்றனர். திரள்வு நன்றோ தீதோ என்பது தேவையைப் பொறுத்தது.

2001இல் ஹொங்கொங்கிலிருந்து பென் ஷொங் ராங் குழுவினர் இன்னொரு திருப்பத்தைத் தந்தனர். கரைசலிற் சிறிதும் ஒளிராத சில மூலக்கூறுகள் திரண்டதும் ஒளிர்ந்தன. காற்றாடியின் இதழ்களைப் போலச் சுழலும் அம்மூலக்கூற்றின் உறுப்புகள் தனித்திருக்கையிற் சக்தியைச் சுழற்சியிற் கழித்துவிடுகின்றன. நெருக்கத்தில் அச்சுழற்சி தடைப்படவே சக்தி ஒளியாக வெளிப்படுகிறது. திரள்வு ஒளியை அவிக்கும் என்று பல பாடநூல்கள் கொண்ட பொதுமுடிவு இவ்வாறு திருத்தம் பெற்றது.

8. நிறைவு

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். திரள்வின் விளைவு முதலில் வெளிப்பட்ட இடங்களுள் சாயத் தொட்டியும் ஒன்று. அது ஆராயப்பட்ட இடம் ஒளிப்படக் கம்பனியின் ஆய்வுகூடம். தொழிலாளர்க்கு அறிவு குறைவென்பது இதன் பொருளன்று. எந்த வினா ஆராயப்படும் என்பதைத் தீர்மானிக்கும் வசதியும் அதிகாரமும் யாரிடம் இருந்தன என்பதே பொருள். சாயவேர் தோண்டியவரின் அறிவு வரிக்கணக்கில் மறைந்ததைப் போலவே, கைத்தறிச் சாயக்காரரின் அறிவும் எழுதப்படாமலே மறையும் நிலை இன்று உள்ளது.

நம் மாணவர் பல்கலைக்கழகம் புகும்வரை விஞ்ஞானத்தைத் தமிழிற் கற்கின்றனர். உறிஞ்சல், திருசியம், செறிவு ஆகிய சொற்களை அறிந்தே வருகின்றனர். பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்துக்கு மாறியதும் அச்சொற்கள் கைவிடப்படுகின்றன. சாயக்காரரின் சொற்களோ எந்நாளும் வகுப்பறைக்குள் வந்ததில்லை. இரு பக்கமும் அறிவு இருந்தும் இடையிற் பாலம் இல்லை.

அப்பாலத்தைக் கட்டப் பெரும்பொருள் வேண்டியதில்லை. மாவடிப்பள்ளிக்கு அயலூரான சம்மாந்துறையில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் உள்ளது, மருதமுனையும் தொலைவிலில்லை. கொதிக்குமுன் ஒரு நூற்கண்டும் கொதித்தபின் ஒரு நூற்கண்டும் எடுத்து அவற்றின் திருசியங்களைப் பதிந்து, சாயக்காரர் எத்தனை நேரம், எவ்வளவு சூட்டில், எதனைக் கண்டு நிறுத்துகிறார் என்பதை அவருடைய சொற்களிலேயே குறித்துவைத்தல் இளமாணிப் பட்ட மாணவர் ஒருவரால் ஓராண்டிற் செய்யத்தக்கது. உப்புச் சேர்க்குமுன்னும் பின்னும் தொட்டிக் கரைசலை அளத்தலும் அவ்வாறே. அத்தகைய பதிவுகள் சாயக்காரர்க்குச் சாயத்தையும் நீரையும் மிச்சப்படுத்த உதவும். பல்கலைக்கழகத்துக்கோ, தன் வாசலில் நூற்றாண்டுக் காலமாக நடந்துவந்த பரிசோதனையொன்றின் முடிவுகள் கிடைக்கும். அவ்வளவுகளை எடுக்கும் மாணவர், சாயக்காரரின் பெயரையும் தம் ஆய்வேட்டின் முதற்பக்கத்தில் எழுதுவாராயின், நெடுநாட் கடனொன்றின் ஒரு பகுதி தீர்ந்ததாகும்.